பிசிக்கு எந்த கன்ட்ரோலர்? சூடு கண்ட பூனை கேட்கிறேன்

#1 வெட்டிவேர்

வணக்கம். பத்து வருடமாகக் கீபோர்டும் மவுஸுமாகவே ஓட்டிவிட்டேன். போன வருடம் ஆசைப்பட்டு ஒரு கன்ட்ரோலர் வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. நான் பார்த்ததும் அதை மட்டும்தான். எட்டாவது மாதம் இடது ஸ்டிக் தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாலும் நம் ஆள் மெல்ல மெல்ல நகர்ந்துபோய் மலை விளிம்பிலிருந்து கீழே விழுகிறான்.

இந்த முறை விசாரித்துவிட்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப், ப்ளூடூத் உள்ளேயே இருக்கிறது. ஆடுவது பெரும்பாலும் தம்பியோடு கால்பந்து. அப்புறம் கார் பந்தயம், எல்டன் ரிங் மாதிரி அடிவாங்கிச் சாகிற விளையாட்டுகள். துப்பாக்கி விளையாட்டு எப்போதாவதுதான், அதுவும் மவுஸில். விளையாட்டுகளை ஸ்டீம் என்கிற பிசி விளையாட்டுக் கடையில் பாதி, வெளியே பாதி வைத்திருக்கிறேன்.

எக்ஸ்பாக்ஸா, பிளேஸ்டேஷனா, வேறு ஏதாவதா? தேடினால் எல்லோரும் "ஹால் எஃபெக்ட், ஹால் எஃபெக்ட்" என்கிறார்கள். அது இருந்தால் போதுமா?

#2 மொட்டைமாடி

எக்ஸ்பாக்ஸ் வாங்குங்கள். இழையை மூடலாம்.

#3 பழைய சர்க்யூட்

மொட்டைமாடி சொன்ன பதில் தப்பில்லை, ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் அடுத்த முறையும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

விண்டோஸில் கன்ட்ரோலர் பேசுகிற மொழி என்று இரண்டு இருக்கின்றன. பழையது டைரக்ட்இன்புட். அதில் ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் பட்டன்களுக்குத் தானே எண் போட்டுக்கொள்ளும். ஒன்றில் 1 என்பது கீழ் பட்டன், இன்னொன்றில் இடது பட்டன். விளையாட்டைத் திறந்ததும் முதல் வேலை, எது எது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுதான். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் அச்சு ஒன்றுதான்: இரண்டு ஸ்டிக், ஆள்காட்டி விரலால் இழுக்கிற இரண்டு ட்ரிகர், ஒரு டிபேட் (நாலு திசைப் பட்டன்), ஏ பி எக்ஸ் ஒய், தோள்பட்டன்கள், ஸ்டார்ட், பேக். எந்த கன்ட்ரோலராக இருந்தாலும் அந்த அச்சில் வந்து உட்கார வேண்டும்.

அதன்பிறகு வந்த பிசி விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த அச்சை நம்பித்தான் எழுதப்படுகின்றன. நீங்கள் சொன்ன எல்டன் ரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எதைப் பிடித்திருந்தாலும் பிசி திரையில் அது காட்டுவது ஏ பி எக்ஸ் ஒய்தான்.

ஆகவே பெட்டியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைவிட, செருகியதும் விண்டோஸ் அதை எக்ஸ்இன்புட்டாகப் பார்க்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் பெயர் போடாத பல நிறுவனங்களின் கன்ட்ரோலர்களும் அந்த மொழியைப் பேசும். சிலவற்றில் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் இரண்டு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இயக்க வேண்டும். தவறான நிலையில் விட்டுவிட்டு "கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை" என்று திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

#4 நீலக்குருவி

பழைய சர்க்யூட் அண்ணா சொன்னது சரிதான், ஆனால் பாதிக் கதை. மூன்று வருடமாக நான் பிசியில் பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ்தான் பயன்படுத்துகிறேன். அதற்கு எக்ஸ்இன்புட் தெரியாது. ஆனால் ஸ்டீம் நடுவில் துபாஷியாக உட்கார்ந்துகொள்கிறது. ஸ்டீம் இன்புட்டை இயக்கிவிட்டால் விளையாட்டுக்கு அது எக்ஸ்பாக்ஸ் மாதிரியே தெரியும். ஸ்டீமில் இல்லாத விளையாட்டையும் ஸ்டீம் நூலகத்தில் சேர்த்துவிட்டு அங்கிருந்து திறந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அதுவும் வேண்டாம் என்றால் டிஎஸ்4விண்டோஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது.

ஒரே எச்சரிக்கை: இரண்டு துபாஷிகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்காதீர்கள். ஸ்டீமும் டிஎஸ்4விண்டோஸும் சேர்ந்து ஓடினால் ஒருமுறை அமுக்கியது இரண்டு முறை விழும். மெனுவில் ஒரு வரி இறங்கச் சொன்னால் இரண்டு வரி தாவும். நான் ஒரு வாரம் பட்டன் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிவேர், டூயல்சென்ஸின் ட்ரிகர் இறுகுகிற வித்தையை நம்பி வாங்க வேண்டாம். அதை ஆதரிக்கிற விளையாட்டாக இருக்க வேண்டும், பெரும்பாலும் கேபிளும் போட்டிருக்க வேண்டும். ப்ளூடூத்தில் வருவது சாதாரண அதிர்வுதான்.

#5 மொட்டைமாடி

இவ்வளவு கூத்து எதற்கு என்றுதான் எக்ஸ்பாக்ஸ் வாங்கச் சொன்னேன் :)

#6 வெட்டிவேர்

நன்றி. எக்ஸ்இன்புட் விஷயம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. நீலக்குருவி, அப்படியானால் டூயல்சென்ஸில் உங்களுக்கு என்னதான் லாபம்? சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

#7 நீலக்குருவி

கைரோ. கன்ட்ரோலரைச் சாய்த்தால் குறியும் சாயும். பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், நுணுக்கமான குறிக்குக் கைரோ. பழகிவிட்டால் வெறும் ஸ்டிக்கில் அம்பு விடுவது முறத்தால் கொசு அடிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் எக்ஸ்இன்புட் அச்சில் கைரோவுக்கு இடமே கிடையாது. எக்ஸ்பாக்ஸின் சொந்த கன்ட்ரோலரிலும் அது இல்லை. "கைரோ உண்டு" என்று போட்டிருக்கிற பல வேற்று நிறுவன கன்ட்ரோலர்களில், எக்ஸ்இன்புட் நிலையில் வைத்தால் பிசிக்குக் கைரோ போய்ச் சேராது. நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்ட்ரோலர் மாதிரி நடிக்கிற ஸ்விட்ச் நிலைக்கு மாற்றினால்தான் வரும். அங்கே இன்னொரு குழி இருக்கிறது.

#8 நள்ளிரவு ஓட்டுநர்

அந்தக் குழியில் விழுந்தவன் பேசுகிறேன். நிண்டெண்டோ ஸ்விட்சின் கன்ட்ரோலர்களில் ட்ரிகர் என்பது வெறும் சுவிட்ச், அமுக்கினால் உண்டு, விட்டால் இல்லை. 2017-இல் வந்த ப்ரோ கன்ட்ரோலரும் அப்படித்தான். ஆகவே வேறு கன்ட்ரோலரை அந்த வேஷம் போடச் சொன்னாலும் ட்ரிகர் பாதி, கால் என்கிற கணக்கெல்லாம் போய்விடும்.

கார் பந்தயத்தில் இது உயிர்நாடி. வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். முழுதாகக் கொடுத்தால் பின்சக்கரம் வழுக்கி வண்டி சுற்றிக்கொண்டு நிற்கும். பிரேக்கும் அதேதான், ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நான் கைரோ ஆசையில் ஸ்விட்ச் நிலையில் விட்டுவிட்டு, இரண்டு நாள் என் ஓட்டுத் திறமையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெட்டிவேர், நீங்கள் கார் ஓட்டுகிறவர், துப்பாக்கிக்கு மவுஸ் வைத்திருக்கிறவர். கைரோ உங்களுக்குத் தேவையில்லை. ட்ரிகர் நீளமாக உள்ளே போகிறதா, நடுவில் நிறுத்திப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். சில கன்ட்ரோலர்களில் ட்ரிகர் தூரத்தைக் குறைக்கிற தாழ்ப்பாள் இருக்கும். துப்பாக்கிக்கு அது நல்லது. கார் எடுக்கும்போது திறந்துவிட மறக்காதீர்கள்.

#9 பழைய சர்க்யூட்

இப்போது ஹால் எஃபெக்ட். இதைப் பற்றி ஊதிப் பெருக்கியது அதிகம், சொல்லிப் புரியவைத்தது கம்மி.

சாதாரண ஸ்டிக்கின் அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகுக்குள் இருக்கிற அதே சாமான். கார்பன் பூசிய ஒரு பாதை, அதன்மேல் உரசிக்கொண்டு ஓடுகிற ஓர் உலோக நாக்கு. நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் வரும், கன்ட்ரோலர் அதைப் படிக்கும். உரசினால் தேயும். தேய்ந்த பொடி பாதையிலேயே கிடக்கும். ஸ்டிக் நடுவில் நிற்கும்போதும் "கொஞ்சம் இடதுபக்கம்" என்று மதிப்பு வர ஆரம்பிக்கும். உங்கள் ஆள் மலையிலிருந்து விழுந்தது அப்படித்தான்.

ஹால் சென்சாரில் உரசல் கிடையாது. ஸ்டிக்கின் அடியில் காந்தம், எட்ட நின்று அதன் புலத்தை அளக்கிற சென்சார். எட்வின் ஹால் என்பவர் 1879-இல் கண்டுபிடித்த விளைவு அது. விளையாட்டுக்கும் இது புதுசு இல்லை. 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரில் ஹால் சென்சார்தான் இருந்தது. இப்போது டிஎம்ஆர் என்று இன்னொரு காந்தவகை சென்சாரும் வருகிறது. அது மின்சாரம் குறைவாகத் தின்னும்.

எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ் இரண்டின் சாதாரண மாடல்களிலும் இருப்பது உரசுகிற வகைதான். 2023-இல் வந்த விலை கூடிய டூயல்சென்ஸ் எட்ஜில்கூட அதே வகைதான், ஸ்டிக் பகுதியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்.

சரி, ஹால் இருந்தால் போதுமா? போதாது. ஸ்டிக்கை நடுவுக்குத் திரும்பக் கொண்டுவருவது ஒரு சுருள்வில். அது தளர்ந்தால் எந்தக் காந்தமும் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டிக் காந்தமாக இருந்து, பட்டன் மட்டமாக இருந்தால் பட்டன்தான் முதலில் போகும். நான் ஹாலை ஒரு நல்ல குணமாக எடுத்துக்கொள்வேன், ஒரே குணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

#10 வேகக்கணக்கு

எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். போலிங் ரேட், அதாவது கன்ட்ரோலர் தன் நிலைமையை நொடிக்கு எத்தனை முறை பிசிக்குச் சொல்கிறது என்பது. 1000 ஹெர்ட்ஸ் இல்லாத எதையும் தொட வேண்டாம். 125 ஹெர்ட்ஸில் கால்பந்து ஆடுவது மாட்டுவண்டியில் பந்தயத்துக்குப் போகிற மாதிரி.

#11 பழைய சர்க்யூட்

பெயருக்கேற்ற மாதிரி கணக்கே போட்டுவிடுவோமே. 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நிலைமை போய்ச் சேருகிறது. 1000 என்றால் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. நீங்கள் அமுக்கிய பட்டன் சராசரியாகக் காத்திருப்பது முன்னதில் 4, பின்னதில் அரை. வித்தியாசம் மூன்றரை மில்லிசெகண்ட். 60 ஃப்ரேமில் ஓடுகிற விளையாட்டில் ஒரு ஃப்ரேமே கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்ட்.

240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டிக்கு ஆடுகிறவருக்கு அது கணக்கில் வரும், மறுக்கவில்லை. ஆனால் டிவியில் இணைத்துவிட்டு, படத் தாமதத்தைக் குறைக்கிற கேம் மோடைப் போடாமல் ஆடுகிறவர்கள் இழப்பது இதைவிடப் பல மடங்கு. முதலில் அதைப் பாருங்கள்.

#12 வேகக்கணக்கு

நான் போட்டிக்கு ஆடுகிறவன்தான். அதனால் சொன்னேன். தம்பியோடு ஆடுவதற்கு 250 போதும், ஒப்புக்கொள்கிறேன்.

#13 சும்மா வந்தவள்

பின்புற பட்டன்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? எல்டன் ரிங்கில் ஓடிக்கொண்டே கேமராவைத் திருப்ப வலது கட்டைவிரல் பி பட்டனுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் அல்லாடும். பின்னால் ஒரு பட்டனில் பி-யைப் போட்டுவிட்டால் கட்டைவிரல் ஸ்டிக்கைவிட்டு எழவே வேண்டாம். எனக்கு ஹாலைவிட இதுதான் பெரிய மாற்றம்.

ஆனால் கூடுதல் பட்டன் என்றால் கூடுதல் வேலை கொடுக்கலாம் என்று நான் ஏமாந்தேன். எக்ஸ்இன்புட்டில் கூடுதல் பட்டனுக்கு எண்ணே இல்லையாம். முன்னால் இருக்கிற ஏதாவது ஒரு பட்டனின் நகலாகத்தான் வைக்க முடிந்தது. ஸ்டீம் தனியாக அடையாளம் காண்கிற சில மாடல்களில் மட்டும் அவற்றுக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

#14 மொட்டைமாடி

கை அளவு! ஸ்டிக் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பிளேஸ்டேஷன் அமைப்பில் எனக்கு இரண்டு கட்டைவிரலும் முட்டிக்கொள்ளும். என் தங்கைக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இதை யாரும் எழுத்தில் சொல்லித் தீர்க்க முடியாது. யாராவது வைத்திருந்தால் வாங்கி அரைமணி நேரம் பிடித்துப் பாருங்கள். அரைமணி என்பது முக்கியம், இரண்டு நிமிடத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

#15 நள்ளிரவு ஓட்டுநர்

இணைப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் போட்டால் அதிலுள்ள ஹெட்போன் துளை வேலை செய்யாது. கேபிள் போட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று தனியாக விற்கிற அடாப்டர் வேண்டும். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் யாரிடமாவது கைமாற்றாக வாங்கினால் கவனம்: 2013-இல் வந்த முதல் வகையில் ப்ளூடூத்தே கிடையாது, 2016-இல் ஒன் எஸ் கூட வந்ததிலிருந்துதான்.

தம்பியோடு ஆடுவதாகச் சொன்னீர்கள். ஒரே லேப்டாப் ப்ளூடூத்தில் இரண்டு கன்ட்ரோலர், மேலே ஒரு ப்ளூடூத் ஹெட்செட் என்று ஏற்றினால் அது திணறும். ஒன்றையாவது கேபிளிலோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளிலோ (யூஎஸ்பி துளையில் செருகுகிற சின்ன வயர்லெஸ் வாங்கி) போடுங்கள்.

கேபிள் என்று எடுத்தால், போன் சார்ஜரோடு வந்த ஏதோ ஒன்றைச் செருகாதீர்கள். சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. விளக்கு எரியும், கன்ட்ரோலர் தெரியாது. மண்டை காயும்.

#16 பென்குயின் பக்கம்

லினக்ஸில் யாராவது படித்தால்: டூயல்சென்ஸுக்கு சோனியே எழுதிக்கொடுத்த டிரைவர் 2021-இலிருந்து கெர்னலில் இருக்கிறது. செருகினால் ஓடும். அவ்வளவுதான், தொடருங்கள்.

#17 வெட்டிவேர்

எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன். எக்ஸ்இன்புட், ஹால் ஸ்டிக், நீளமான ட்ரிகர், பின்னால் இரண்டு பட்டன், டாங்கிளும் கேபிளும் இரண்டும் உள்ள ஒன்று. ஸ்டிக் எக்ஸ்பாக்ஸ் மாதிரி மேலும் கீழுமாக. நண்பன் ஒருவனுடையதை அரைமணி பிடித்துப் பார்த்துவிட்டேன் (மொட்டைமாடி வாழ்க). கைரோ இல்லை, வேண்டவும் வேண்டாம்.

தம்பிக்குப் பழையதையே கொடுக்கலாமா? இப்படி ஸ்டிக் தானாக நகர்ந்து டிரிஃப்ட் ஆகிற கன்ட்ரோலரை ஏதாவது செய்ய முடியுமா?

#18 பழைய சர்க்யூட்

முதலில் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் புள்ளி சிபிஎல் என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் கன்ட்ரோலர் பட்டியல் வரும். பண்புகளுக்குள் போனால் ஒரு கட்டமும் சின்னக் கூட்டல் குறியும் தெரியும். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் குறி நடுவில் நிற்க வேண்டும்.

அங்கேயே இன்னொரு விஷயத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். எக்ஸ்பாக்ஸ் வகையில் இரண்டு ட்ரிகரும் அந்தப் பழைய பலகையில் ஒரே கோட்டில்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். கெட்டுப்போகவில்லை, விளையாட்டுக்குள் தனித்தனியாகத்தான் போகும்.

குறி எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறதோ, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக டெட்ஸோன் வையுங்கள். விளையாட்டுக்குள்ளேயே இருக்கலாம், இல்லாவிட்டால் ஸ்டீமில் வைக்கலாம். அந்த வட்டத்துக்குள் ஸ்டிக் எங்கே நின்றாலும் விளையாட்டு கண்டுகொள்ளாது. நுணுக்கமான அசைவு போய்விடும், ஆனால் கால்பந்தில் ஓடுவதற்கு அது பெரிய நஷ்டம் இல்லை. தம்பி கண்டுபிடிக்க மாட்டான்.

#19 வெட்டிவேர்

கன்ட்ரோலர் வந்து நான்கு நாள் ஆகிறது. கார் ஓட்டுவது இவ்வளவு சுகமா? ஆனால் ஒரு தொல்லை. டாங்கிளில் ஆடும்போது திடீர் திடீரென்று அரை நொடி செத்துப் பிழைக்கிறது. கேபிள் போட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை. கன்ட்ரோலரும் லேப்டாப்பும் ஒரு கை தூரத்தில்தான் இருக்கின்றன. திருப்பி அனுப்பிவிடவா?

#20 நள்ளிரவு ஓட்டுநர்

அவசரப்படாதீர்கள். டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் என்ன இருக்கிறது?

#21 வெட்டிவேர்

விளையாட்டுகள் இருக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க். ஏன்?

#22 நள்ளிரவு ஓட்டுநர்

அதுதான் குற்றவாளி. யூஎஸ்பி 3 வேகத்தில் தரவு ஓடும்போது கேபிளும் இணைப்பும் வானொலி இரைச்சலைக் கக்கும். அது விழுகிற இடம் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி, உங்கள் டாங்கிள் காது கொடுத்துக்கொண்டிருக்கிற இடம். 2012-இலேயே இன்டெல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. விளையாட்டு டிஸ்கிலிருந்து எதையாவது இழுக்கிற நேரம் பார்த்து இணைப்பு விழும். உங்களுக்கு விட்டுவிட்டு வருவதும் அதனால்தான்.

டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை டிஸ்கிலிருந்து தள்ளி, மேசைமேல் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

#23 சும்மா வந்தவள்

அடப்பாவமே, என் வயர்லெஸ் மவுஸ் அடிக்கடி உறைவதும் இதுதானா? இப்போதே மாற்றிப் பார்க்கிறேன்.

#24 வெட்டிவேர்

எக்ஸ்டென்ஷன் போட்டேன். இரண்டு இரவு முழுக்க ஆடிப் பார்த்துவிட்டேன், ஒருமுறைகூட விழவில்லை. நள்ளிரவு ஓட்டுநர் ஐயா, நீங்கள் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் நல்ல சாமானைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பழையதையும் ஜாய் பலகையில் பார்த்தேன், குறி இடதுபக்கம் நன்றாகவே தள்ளி நிற்கிறது. டெட்ஸோன் 15 சதவீதம் வைத்ததும் நடப்பது நின்றுவிட்டது.

#25 மொட்டைமாடி

தம்பி கண்டுபிடித்தானா?

#26 வெட்டிவேர்

முதல் ஆட்டத்திலேயே. இப்போது புதியது அவன் கையில், டெட்ஸோன் என் கையில். நேற்று 4-1.